பெயர் கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் ஓடாது. ஆரணியில் நாங்கள் இருந்த தெருவில் அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் இரண்டு வீட்டார்தான். தெருக்கோடி வீட்டில், என்னோடு எட்டாம் வகுப்பில் படித்தவளுடைய வீட்டில், சிவப்புக் கார் ஒன்று கடலோரச் சாலையில் பறக்கும். வளைவில் டயர் கிறீச்சிடும். பின்னால் போலீஸ் துரத்தும். எங்கள் வீட்டில் ஒரு பென்குயின் பனிமலையில் குப்புறப் படுத்துச் சறுக்கிக்கொண்டு போகும். வழியில் மீன் கிடந்தால் பொறுக்கும். மலை முடிந்ததும் எழுந்து நிற்கும். அவ்வளவுதான். அதுவும் சத்தமில்லாமல்.

இதற்கெல்லாம் காரணம் என் சித்தப்பா.

அப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் மயிலும் மாங்காயும் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணம் தீட்டிக் கொடுப்பார். எல்லாரும் அதைக் கம்ப்யூட்டரில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வேலூருக்குப் போய் யாரோ ஓட்டிப் பழசானதை வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்ணமங்கலத்தைத் தாண்டிய பிறகு சாலை சரியில்லை என்பதால், பெட்டிக்கு அடியில் தன் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். ஆறு மாதம் அது நன்றாகவே ஓடியது. அப்பாவும் மயில் போட்டார். நானும் தம்பியும், கோடி வீட்டுக்காரி கொடுத்த சி.டி.யைப் போட்டுக் காரும் ஓட்டினோம். பிறகு ஏதோ வைரஸ் வந்து, திறந்த வேகத்தில் தானே அணைந்து தானே எழுந்து மறுபடி அணைய ஆரம்பித்தது.

சித்தப்பா வேலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சனிக்கிழமையே ஒரு கட்டு சி.டி.யோடு வந்து இறங்கினார். அவருடைய கல்லூரியில் ஒரு கூட்டம் இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்றால் அவர்களுக்குப் பூஜை மாதிரி.

“இதைப் போட்டுட்டா இனிமே வைரஸே வராது அண்ணா. இது யாருக்கும் சொந்தம் இல்ல. யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம்” என்றார்.

“பிரிச்சுப் பாத்து நான் இன்னாடா பண்ணப்போறேன்? டிசைன் வருமா?”

“வரும்.”

“கார் ஓடுமா சித்தப்பா?” என்றேன் நான்.

“ஓடும்.”

அந்த இரண்டு ‘ம்’களை நம்பினோம். சாயங்காலத்துக்குள் பழையது எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். புது லினக்ஸ் எழுந்து வருவதற்குள் அம்மா பால் காய்ச்சி, காபி கலந்து, ஆற்றியும் கொடுத்துவிட்டாள். வந்ததும் முதலில் தெரிந்தது லினக்ஸின் சின்னமான ஒரு பென்குயின். அடுத்ததாகத் தெரிந்தது சத்தம் வரவில்லை என்பது. சித்தப்பா கருப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்தில் என்னென்னவோ அடித்தார். சத்தம் வரவில்லை. “அடுத்த வாரம் வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் போனது. பிரிண்டர் வேலை செய்தது, ஆனால் தாளில் பாதியைத்தான் அடித்தது. அதைச் சரி செய்தபோது மவுஸ் நின்றது. மவுஸைச் சரி செய்தபோது பிரிண்டர் மறுபடி பாதிக்குப் போனது. அப்பாவின் டிசைன் சாஃப்ட்வேர் இதில் ஏறாது என்று சித்தப்பா மூன்றாவது வாரம்தான் ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாகப் படம் வரைகிற வேறொன்றைக் காட்டினார். அதில் எல்லாம் செய்யலாமாம். அப்பா அதில் ஒரு மாங்காயின் விளிம்பைக் கட்டம் கட்டமாக வைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து போய்ப் பென்சிலைச் சீவினார்.

எனக்குக் கார் வேண்டும். சி.டி.யைப் போட்டால் உள்ளே இருக்கிற பைல்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. போனில் சித்தப்பாவைப் பிடித்து அழாத குறையாகக் கேட்டேன்.

“அதுக்கு வைன் போடணும். வைன் போட்டா விண்டோஸ் கேம் எல்லாம் ஓடும். ஞாயித்துக்கிழமை வந்து போடறேன்” என்றார்.

அது ஒரு சாஃப்ட்வேரின் பெயர் என்று எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. பக்கத்தில் நின்று கேட்ட தம்பிக்கு அதுவும் இல்லை. அன்று சேவூரிலிருந்து வந்திருந்த அத்தையிடம், “சித்தப்பா ஞாயித்துக்கிழமை நம்ம ஊட்ல வைன் போடப்போறாரு” என்று சந்தோஷமாகச் சொன்னான். அத்தை வாயில் போட்ட முறுக்கை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “படிக்க அனுப்பின புள்ள கெட்டுப்போய்கினு இருக்கான், நீ பாத்துகினு இருக்கறியா?” என்றாள். அது குடிக்கிற வைன் இல்லை என்று அவளுக்குப் புரிய வைக்க அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது. அப்போதும் அவள் முழுசாக நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். போகும்போது, “எதுக்கும் அவன் வாயைக் கொஞ்சம் மோந்து பாரு” என்றாள்.

வைன் போட்டும் கார் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சித்தப்பா எங்களைச் சமாதானப்படுத்த ஒரு காரியம் செய்தார். நானும் தம்பியும் கம்ப்யூட்டருக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்து, ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுத்தார். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எல்லார் பெயரும் தமிழில் வரிசையாக நிற்கும். தன் பெயரைத் தொட்டு, தன் கடவுச்சொல்லைப் போட்டால்தான் உள்ளே விடும். உள்ளே அவரவர் வைத்தது அவரவருக்கு. ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் கலைக்க முடியாது. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். எனக்கு அவரே பென்குயினைப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அம்மா அந்த நேரம் பின்கட்டில் தான் நெய்கிற தறியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்களும் வாங்க. உங்களுக்கும் ஒண்ணு போட்டுடலாம்” என்றார் சித்தப்பா.

“எனக்கா? நான் இன்னா பண்ணப்போறேன் அதுல?”

“ஒண்ணும் பண்ணாட்டி பரவால்ல. பேரு இருக்கட்டும்.”

அவர் பெயரை அடித்தார். அம்மா குனிந்து, திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை மட்டும் எழுத்துக் கூட்டாமல் படிப்பாள்.

“இங்க ஒரு கால் உட்டுப்போச்சு பாரு” என்றாள்.

சித்தப்பா துணைக்காலைச் சேர்த்தார். அம்மா மறுபடி படித்தாள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு அவள் ‘இந்தா’. சித்தப்பாவுக்கு அண்ணி. தெருவுக்கு டிசைன்காரர் வீட்டம்மா. எனக்கே அது ரேஷன் கார்டில் பார்த்துத்தான் தெரியும். படம் எது வேண்டும் என்று சித்தப்பா கேட்டபோது, இருந்ததையெல்லாம் பொறுமையாகப் பார்த்து ஒரு மஞ்சள் படகைக் காட்டினாள். கடவுச்சொல் போடச் சொன்னதும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க அந்தப் பக்கம் போங்க” என்றாள். நாங்கள் போனோம். சித்தப்பாவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அம்மாவுக்கு எதற்குக் கடவுச்சொல் என்று எனக்குப் புரியவில்லை. அவளிடம் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். தம்பி பெயர், அப்பா பெயர், மாமா ஊர், குலதெய்வம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. கேட்டதற்கு, “உன்னுதை நான் கேட்டனா?” என்றாள்.

அதற்குள் சித்தப்பா அம்மாவின் பக்கத்தை முழுக்கத் தமிழில் மாற்றிக் கொடுத்திருந்தார். அவருடைய கூட்டத்தில் சிலர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழாக்கிக்கொண்டிருந்தார்களாம். கோப்பு, அடைவு, வெளியேறு என்று பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை அதில் எட்டிப் பார்த்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். அம்மா நிதானமாக ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். போகிற வழியில் ஒரு சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்தாள். தனியாக ஆடுவது. சீட்டுகளை இறங்கு வரிசையில் அடுக்கி, நான்கு கட்டாகப் பிரித்து முடித்தால் வெற்றி.

தெருமுனையில் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள். அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அம்மாவே எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “எங்க அப்பா ஊட்ல திருட்டுத்தனமா ஆடுவோம், நானும் என் தங்கச்சியும்” என்றாள். ஆட்டத்தில் இருந்தாள்.

அதிலிருந்து எனக்கு இன்னொரு தலைவலி ஆரம்பித்தது. பள்ளியிலிருந்து வந்தால் நாற்காலியில் அம்மா. மதியத்தில் தறியில் கொஞ்ச நேரம் கை ஓயும்போது உட்காருவாளாம். நான் வருகிற நேரத்தில்தான் அவளுக்கு ஆட்டம் சூடு பிடித்திருக்கும்.

“எழுந்திரும்மா.”

“இருடி. இன்னும் ஒரு ஆட்டம்.”

“நேத்தும் இப்படித்தான் சொன்ன.”

“நேத்து ஜெயிக்கலடி.”

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். சரியாக அந்த நேரம் கரண்ட் போகும். அவள் ஆட்டமும் போய், என் முறையும் போய், இரண்டு பேரும் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். கரண்ட் வந்து அது மறுபடி எழுந்து, கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று தானே சோதித்து முடிப்பதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிடும். ஜெயித்த நாளில் மட்டும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். திரையில், ‘வாழ்த்துகள்! நீங்கள் வெற்றி பெற்றீர்கள்’ என்று வந்திருக்கும். அதை அவள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிப் படிப்பாள். “பாத்தியா” என்பாள். நான் பார்த்தது, எனக்குப் போன அரை மணி நேரத்தை.

ஒரு நாள் சித்தப்பா போனில் கூப்பிட்டார். காரை ஓட வைத்துவிட்டாராம். அவருடைய ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் அதே கேம் ஓடிவிட்டது, சனிக்கிழமை வந்து போட்டுவிடுகிறேன் என்றார். நான் மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். பணக்கார வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் கார் ஓடும் என்று இதுவரை நினைத்திருந்தவர்கள் வந்து பார்க்கலாம் என்ற தொனியில் சொன்னேன். அதற்குக் காரணம் இருந்தது. கோடி வீட்டுக்காரி என்னை வகுப்பில் ‘பென்குயின்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

சனிக்கிழமை அவள் தன் சி.டி.யோடு வந்தாள். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சித்தப்பா உட்கார்ந்தார். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. அம்மா எல்லாருக்கும் ரஸ்னா கலக்கிக் கொடுத்தாள். ரஸ்னா தீர்ந்தது. வெள்ளை எழுத்து தீரவில்லை. சித்தப்பாவின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. யாரோ ஒரு நண்பனுக்குப் போன் செய்து, “அதே வெர்ஷன்தாண்டா” என்று கிசுகிசுத்தார். கடைசியில் ஒரு வழியாகத் திரை மாறியது. கடல் தெரிந்தது. சாலை தெரிந்தது. கார் தெரியவில்லை. நான்கு சக்கரங்கள் மட்டும், மேலே எதுவும் இல்லாமல், சாலையில் போய்க்கொண்டிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. முதலில். பிறகு என் தம்பி சிரித்தான். அப்புறம் எல்லாரும்.

அம்மா என்னைக் காப்பாற்ற நினைத்தாள் போல. “கார் போனா போகட்டும்மா, சீட்டு இருக்குது, நல்லா இருக்கும், வரீங்களா” என்று அவர்களைக் கூப்பிட்டாள். கோடி வீட்டுக்காரி என்னைப் பார்த்து, “உங்கம்மா சீட்டு ஆடுவாங்களா?” என்றாள்.

திங்கட்கிழமை அது வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. புதன்கிழமைக்குள் தெருவுக்கு. வார இறுதியில் அத்தை சேவூரிலிருந்து வந்துவிட்டாள்.

“நீ சீட்டு ஆடறியாமே” என்றாள் அம்மாவிடம்.

“ஆமா. ஆடறேன்.”

“ஆம்பளை மாதிரியா?”

“ஆம்பளைங்க காசு வெச்சி ஆடறாங்க. நான் சும்மா ஆடறேன்” என்று சொல்லிவிட்டு அம்மா தறிக்குப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. மறைக்கத் தெரியாமல் இப்படி ‘ஆமா’ என்கிறாளே என்று கோபமாக வந்தது. அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. அதை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

முடிவு வந்தது அத்தையால் இல்லை, காராலும் இல்லை. அப்பாவுக்கு வேலை கொடுக்கிற முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பிளாப்பியில் டிசைன் கொடுத்து அனுப்பினார். யானை வரிசை போட்ட முந்தானை. அதில் நிறம் மட்டும் மாற்றி ஜல்தியாக வேண்டும், கல்யாணப் புடவை. எங்கள் கம்ப்யூட்டர் அந்தப் பைலைத் திறக்கவில்லை. சித்தப்பா போனில் ஒன்றொன்றாகச் சொல்ல, அப்பா கழுத்தில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு அடித்துப் பார்த்தார். கடைசியில் யானைகள் வந்தன. துண்டு துண்டாக. தும்பிக்கை ஒரு மூலையில், கால்கள் வேறு மூலையில். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முதலாளி அப்பாவிடம், “கம்ப்யூட்டர் வெச்சிகினு இருக்கேன்னு சொன்னீங்களே” என்று மட்டும் கேட்டாராம்.

கம்ப்யூட்டரை விற்ற வேலூர்க் கடைக்காரரை, பழைய விண்டோஸையே போட்டுவிட அப்பா வரச் சொன்னார். விஷயம் தெரிந்து சித்தப்பாவும் வந்தார். கதவருகிலேயே நின்றார்.

“இன்னும் ஒரு வாரம் குடுத்திருந்தா சரி பண்ணியிருப்பேன் அண்ணா.”

“ஒரு வாரம், ஒரு வாரம்னு பேஜார் பண்ணிகினு இருக்காதடா. உன் கொள்கையை உன் ஹாஸ்டல்ல வெச்சிக்கோ. எனக்குப் பொழப்பு நடக்கணும்” என்றார் அப்பா. அப்பா சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றும் சத்தம் போடவில்லை. சித்தப்பா கடைசி பஸ் வரை இருக்காமல், வந்த கையோடு திரும்பிவிட்டார்.

கடைக்காரர் சி.டி.யைப் போடுவதற்கு முன் எங்களிடம், “எல்லாம் போயிடும். உள்ள எதாவது எடுத்து வெச்சிக்கணுமா?” என்று கேட்டார்.

அப்பா யோசித்து, ஒன்றும் இல்லை என்றார். நான் ஒன்றும் இல்லை என்றேன். தம்பி பென்குயினை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான், முடியாது என்றதும் சரி என்றான். பின்கட்டில் தறி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் பட்டனைத் தட்டினார்.

சாயங்காலத்துக்குள் பழைய விண்டோஸ் வந்துவிட்டது. சத்தம் வந்தது. பிரிண்டர் முழுத் தாளையும் அடித்தது. அப்பாவின் சாஃப்ட்வேர் ஏறியது. கோடி வீட்டுக்காரியிடம் போய் நிற்க வேண்டியதுதான் எனக்குக் கசப்பாக இருந்தது, ஆனாலும் போய் சி.டி.யைக் கேட்டு வாங்கி வந்தேன். சிவப்புக் கார், முழுக் கார், கதவு கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்குள் ஓடியது. இத்தனை மாத எரிச்சலும் அந்த டயர்ச் சத்தத்தில் கரைந்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் பள்ளி விடுமுறை. அம்மா கை கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி வந்தாள். நான் தாராளமாக நாற்காலியை விட்டு எழுந்தேன். மனம் அவ்வளவு நிறைந்திருந்தது. அணைத்திருந்த கம்ப்யூட்டரை நானே போட்டுவிட்டேன். அது விறுவிறுவென்று எழுந்து நேராக உள்ளே போய் நின்றது. நீலத் திரை, பொம்மைகள், எல்லாம் தயார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பேரு கேக்கல?” என்றாள். 

“இதுல அதெல்லாம் இல்லம்மா. யார் வேணா நேரா உள்ள போயிடலாம்” என்றேன், நல்ல சேதி சொல்கிற மாதிரி. “சீட்டுகூட இருக்குது. அதே ஆட்டம்தான். இரு, எடுத்துத் தரேன்.” எடுத்துக் கொடுத்தேன். சீட்டுகள் பச்சைத் துணியில் வரிசையாக விழுந்தன.

அம்மா உட்கார்ந்தாள். மவுஸில் கை வைத்தாள். ஒரு சீட்டை நகர்த்தி இன்னொன்றின் மேல் வைத்தாள். 

“அப்ப, யாரு வந்து உக்காந்திருக்காங்கன்னு இதுக்குத் தெரியாதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அதுக்கு எதுக்கும்மா தெரியணும்?”

அவளும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. “நீ ஆடு. அடுப்புல வேலை கிடக்குது” என்று எழுந்துவிட்டாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கூப்பிட்டேன், நாற்காலி சும்மா கிடந்த மதியங்களில்கூட. “வேணான்டி” என்பாள், தறியிலிருந்து எழாமலேயே.

இனி நாற்காலிக்குச் சண்டை இல்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவுக்குச் சீட்டு சலித்துப்போய்விட்டது என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.